பட்டி, டிங்கரிங் பார்த்தால் போதுமா? பழைய காரின் ஆயுள் பெயின்ட்டுக்கு அடியில்!

அப்பா வாங்கிய காரை வீட்டிலேயே புதுப்பிக்க ஆசைப்படுபவர்கள், கலர் கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை.

‘பட்டி, டிங்கரிங் பார்த்து ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று நம் ஊரில் காரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் உடம்பைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்தப் பேச்சில் ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. டிங்கரிங், தகரத்தின் நெளிவை எடுக்கும். பட்டி, பள்ளத்தை நிரப்பும். பெயின்ட், பளபளப்பைத் தரும். இந்த மூன்றில் எதுவும் துருவைத் தனியாக நிறுத்தாது. அந்த வேலையைச் செய்வது, கலர் அடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும் பிரைமர். அதற்கும் முன்னால், பிரைமர் உட்காருவதற்குத் தகரத்தைத் தயார் செய்யும் கை.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வைகைக் கரைப் பக்கமோ புட்டுத்தோப்புப் பக்கமோ உள்ளே நடந்து பாருங்கள். தெருக்கள் நெருக்கமானவை. ஷெட் வைத்து கார் நிறுத்தும் அளவுக்கு எல்லோருக்கும் இடம் இருக்காது. வாசலிலோ சந்து முனையிலோ கவர் போட்டு நிற்கும் பழைய காரை விற்கவும் மனம் வராது. எடைக்குப் போடவும் கை வராது. முதல் சம்பளத்தில் அப்பா வாங்கியதாக இருக்கும், கல்யாணத்துக்குப் பெண் அழைத்து வந்ததாக இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஆசையாகப் பெயின்ட் அடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கதவின் அடியில் அம்மை போட்டது மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ‘பெயின்ட் மட்டம்’ என்று கோபப்படுவோம். பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பு இருக்காது. அதற்கு அடியில் துருவை மிச்சம் வைத்திருப்பார்கள்.

கடல் இல்லாத ஊரில் எப்படித் துரு?

இரும்பு துருப்பிடிக்க இரண்டே பொருள்கள் போதும்: தண்ணீர், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன். மூன்றாவதாக உப்பும் சேர்ந்துவிட்டால் வேகம் பல மடங்கு கூடும். மழையே பெய்ய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் வெற்று இரும்பின் மேல் படிந்து துரு வேலையைத் தொடங்கிவிடும்.

இந்த விஷயத்தை ஆராய்வதற்கென்றே மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு விழா கண்டது. உலோக அரிப்பு அதன் முக்கியமான ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. கடல் காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்க்க, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் அதற்கு ஒரு மையமும் உண்டு. அந்தக் காற்றின் கடுமை என்னவென்று பக்கத்திலிருக்கும் பாம்பன் பாலத்தைப் பார்த்தாலே தெரியும். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மதுரைக்கு அந்தக் கடல் காற்று கிடையாது. அது நம் காருக்குக் கிடைத்த வரம். ஆனால், துருவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதலாவது, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் காரைக் கழுவி அப்படியே வெயிலில் விட்டால், தண்ணீர் ஆவியாகும். உப்பு தகரத்தின் இடுக்கில் தங்கிவிடும். இரண்டாவது, பிளாஸ்டிக் கவர். மழையைத் தடுக்கும் அதே கவர், தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். மூன்றாவது, காரின் பூர்விகம். ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ சென்னையிலோ பல ஆண்டுகள் ஓடிய காரை வாங்கி வந்திருந்தால், கடல் உப்பையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

காந்தம் சொல்லும் உண்மை

வேலையைத் தொடங்குவதற்கு முன் எவ்வளவு துரு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு மதியப்பொழுதும், சின்ன காந்தமும், ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

பெயின்ட்டில் கோடு விழாமல் இருக்க, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். மட்கார்டு, கதவு, டிக்கி என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். முன்பு யாரோ பட்டியைத் தடியாகப் போட்டு மறைத்த இடத்தில் ஒட்டாமல் வழுக்கும். அடுத்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று பேசும். உளுத்துப்போன தகரம் ‘தொப்’ என்று முனகும்.

தண்ணீர் எங்கே தேங்குமோ, அங்கே துரு இருக்கும். கதவின் அடி ஓரம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உள்பக்கம், பேட்டரி உட்காரும் தட்டு, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலை, கார்ப்பெட்டுக்கு அடியில் கால் வைக்கும் தரை... இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னச் சின்ன துளைகள் இருக்கும். முன்பு அடித்த பெயின்ட்டும் சேறும் அவற்றை அடைத்திருந்தால், ஒவ்வொரு மழையிலும் உங்கள் கார் கதவு ஒரு குட்டித் தொட்டிதான்.

கண்ணில் படும் துருவை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். தேய்த்தால் பழுப்புப் பொடியாக வந்துவிடுவது மேல்துரு, வீட்டிலேயே சரிசெய்யலாம். பொருக்குப் பொருக்காக எழும்பி, அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் இரண்டாவது வகை. பொறுமை இருந்தால் அதையும் வீட்டிலேயே செய்யலாம். குத்தினால் ஓட்டை விழுவது மூன்றாவது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அது டிங்கர் வேலை, அவரிடமே விடுங்கள்.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. 1961 முதல் சுமார் பத்து ஆண்டுகள் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியை அதன் மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அம்பாசிடர், ஃபியட்-பத்மினி, மாருதி 800 ஆகியவற்றில் அப்படி இல்லை. பாடியே காரின் எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரை, சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் மூன்றும்தான் காரின் பாரத்தையும் மோதலின் அடியையும் தாங்குகின்றன. அங்கே விழுந்த ஓட்டையில் ஃபைபர் துணியை ஒட்டி, பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால், அதற்குள் உட்காரப்போவது உங்கள் குடும்பம். அந்த வேலையை யார் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

துருவை எடுப்பது: ஆசிட் வேண்டவே வேண்டாம்

முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. காரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்கி அதன் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவது.

அடுத்து சுத்தம். நம் ஊர் வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் ஆயில் ஸ்ப்ரே செய்யும் பழக்கம் உண்டு. துருவை அது கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால், அந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த பிரைமரும் பிடிக்காது. ரப்பர் புஷ்களுக்கும் கேடு. கிரீஸ் எடுக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை தொடருங்கள். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்வது முக்கியம். இல்லையென்றால், தேய்க்கும்போது எண்ணெயைத் தகரத்தின் கீறல்களுக்குள் நாமே திணித்துவிடுவோம்.

பிறகு கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிப் பொருக்கை உதிர்த்து, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180-ல் முடித்தால் தகரம் வெள்ளி மாதிரி வந்துவிடும். குழிகளுக்குள் மட்டும் கறுப்புப் புள்ளிகள் மிச்சம் இருக்கும். அவைதான் மறுபடி முளைக்கும் விதைகள்.

இந்த இடத்தில் பலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். கண்ணெதிரே துரு கரைந்து ஓடும்போது ‘அடடா’ என்றுதான் தோன்றும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் குளோரைடு, தகரத்தின் மடிப்பிலும் ஜாயின்ட்டிலும் புகுந்து உட்கார்ந்துகொண்டு கடல் உப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும். சில வாரங்களில் முன்பைவிட மோசமாகத் துரு கிளம்பும். கழற்றக்கூடிய சின்ன பாகங்கள் என்றால் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போடுவது பாதுகாப்பானது. எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மறுபடி அலசி உடனே காயவைக்க வேண்டும்.

கடுக்காயும் டெல்லி தூணும்

மிச்சமிருக்கும் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்காகத்தான் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. பெயர் புதிதாக இருந்தாலும் அதன் ரசாயனம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான்.

கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எப்படி வருகிறது தெரியுமா? துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த சாற்றால் அதன் மேல் கோடு இழுப்பார்கள். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், இரும்போடு சேர்ந்து கருகருவென்று மாறிவிடும், துவைத்தாலும் போகாது. ரஸ்ட் கன்வெர்ட்டர் பலவற்றில் இருப்பது அதே டானிக் அமிலம்தான். பழுப்புத் துருவோடு சேர்ந்து கரையாத கறுப்புப் படலமாக மாற்றுகிறது. அடித்த கொஞ்ச நேரத்தில் துரு கறுப்பதை நீங்களே பார்க்கலாம்.

இன்னொரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அதற்கும் இந்தியாவிலேயே ஒரு பிரமாண்ட சாட்சி நிற்கிறது. டெல்லி குதுப்மினார் வளாகத்தில் திறந்தவெளியில் நிற்கும், சுமார் 1,600 ஆண்டுகள் பழைமையான இரும்புத் தூண்! அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது காலப்போக்கில் தூணின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை உருவாக்கிக் காத்து வருகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர்.பாலசுப்ரமணியம் விளக்கினார். கார் தொழிற்சாலைகள் பலவற்றிலும் பெயின்ட்டுக்கு முன் பாடிக்குக் கொடுக்கும் குளியல்களில் பாஸ்பேட் குளியலும் ஒன்று.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கன்வெர்ட்டர் என்பது மிச்சத்துக்கு மட்டுமே. பொருக்கை உதிர்க்காமல் மேலே தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். அடியில் துரு நடந்துகொண்டே இருக்கும். அடுத்து, இதன் அமிலம் மிச்சம் இருந்தால் எபாக்ஸி பிரைமர் சரியாக இறுகாது. அலச வேண்டுமா, எத்தனை மணி நேரம் காய வேண்டும், மேலே எந்த பிரைமர் ஒத்துப்போகும் என்பதை டின்னில் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பிரைமர் என்று ஒன்று இல்லை

ஹார்டுவேர் கடையில் போய் ‘பிரைமர் கொடுங்க’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு. அதன் சிவப்பு நிறமே இரும்பு ஆக்ஸைடுதான். ரசாயனப்படி துருவின் சொந்தக்காரன். கிரில்லுக்கு அது போதும். கார் பாடிக்கு அது போதாது. மேலே அடிக்கும் கார் பெயின்ட்டின் தின்னர் அதைச் சுருக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

வெற்றுத் தகரத்துக்கு ஏற்றது, இரண்டு டின்னாக வரும் எபாக்ஸி பிரைமர். பிசினையும் ஹார்டனரையும் சொன்ன அளவில் கலந்து அடித்தால், அது இறுகித் தண்ணீரையும் காற்றையும் தகரத்திடம் நெருங்கவிடாத தோலாக மாறும். பலவற்றில் ஜிங்க் பாஸ்பேட்டும் கலந்திருக்கும். அது கூடுதல் காவல்.

துத்தநாகம் அதிகம் கலந்த பிரைமர் வேறு ரகம். துத்தநாக முலாம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலும் அந்த இடம் சட்டென்று துருப்பிடிப்பதில்லை. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அதே தியாகம்தான் இங்கேயும். இரண்டு தகரம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெல்டிங் ஆகும் இடத்தில், வெல்டிங்குக்கு முன்பே இதை அடித்துவிட்டால் பின்னால் கை நுழையாத இடத்துக்கும் காவல் கிடைத்துவிடும்.

மூன்றாவது, சாம்பல் நிற சர்ஃபேசர். நம்மில் பெரும்பாலோர் ‘பிரைமர் அடித்த கார்’ என்று சொல்வது இதைத்தான். சர்ஃபேசரின் வேலை துருவைத் தடுப்பதல்ல. பட்டியில் விழுந்த கீறல்களை நிரப்பி, வாட்டர் பேப்பரில் வழவழப்பாகத் தேய்க்க வசதி செய்து கொடுப்பது. அது ஈரத்தை உறிஞ்சும். ‘பிரைமர் அடிச்சாச்சு, காசு சேர்ந்ததும் கலர் அடிக்கலாம்’ என்று சாம்பல் நிறத்தோடு ஆறு மாதம் தெருவில் நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, சாம்பல் பூச்சு மழையைக் குடித்துத் தகரத்துக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். கையில் காசு குறைவாக இருந்தால், எபாக்ஸி அடித்த நிலையில் கூரைக்குக் கீழே நிறுத்திவையுங்கள். எபாக்ஸியும் வெயிலில் நாள்பட நின்றால் மேலே மாவு பூக்கும் என்பதால் நிழல் முக்கியம். நாள் கடந்து மேல்பூச்சு அடிக்கும்போது எபாக்ஸியை லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பட்டி முன்னாலா, பின்னாலா?

பல பட்டறைகளில் பட்டியை நேராக வெற்றுத் தகரத்தின் மேல் போடுவது வழக்கம். நன்றாகத்தான் ஒட்டும். சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம் தொடங்குகிறது. பட்டி, ஸ்பாஞ்சு மாதிரி ஈரத்தை இழுப்பது. அதைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேய்த்தால், அந்தத் தண்ணீர் தகரம் வரை போய்விடும். அதன் மேல் உடனே பூச்சு ஏற்றினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியாகிவிட்டது.

துருவைத் தடுப்பதுதான் குறி என்றால் வரிசை இது: சுத்தமான தகரம், எபாக்ஸி பிரைமர், ஜாயின்ட்டுகளில் சீலன்ட், பிறகு பட்டி, அதன் மேல் சர்ஃபேசர், கடைசியில் கலர். பட்டியை உப்புத்தாளில் காய்ச்சலாகவே தேய்க்க வேண்டும். தண்ணீர், சர்ஃபேசரைத் தேய்க்கும் கட்டத்துக்குத்தான். எபாக்ஸிக்கு மேல் போட ஏற்ற பட்டிதானா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் தொடங்குங்கள்

மதுரைக்காரர்களுக்குக் காலம் கைகொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்காத தை, மாசிதான் பாடி வேலைக்குத் தோதான மாதங்கள். மழைக்காலத்தில் தேய்த்து வெள்ளியாக்கிய தகரம் சில மணி நேரத்தில் மறுபடி பழுப்பேறிவிடும். அக்னி நட்சத்திர வெயிலிலோ தகரம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். தெளிக்கும் பிரைமர் தகரத்தைத் தொடுவதற்குள் தின்னர் ஆவியாகி, சொரசொரவென்று பொடியாக உட்காரும். கலந்துவைத்த எபாக்ஸியும் சீக்கிரம் கெட்டியாகும்.

தை மாதத்திலும் விடியற்காலை கூடாது. பனி இறங்கும் நேரத்தில் தகரம் வியர்க்கும். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகரம் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் உலகப் பொது விதி. நம் கணக்கில், வெயில் ஏறிப் பனி முழுக்க உலர்ந்த பிறகு, நிழலில் வேலை செய்தால் சரியாக இருக்கும். பொழுது சாய்ந்த பின் பூச்சு ஏற்றாதீர்கள்.

முழுக் காரையும் ஒரே நாளில் உரித்துப்போடும் ஆர்வம் வேண்டாம். இன்று ஒரு கதவு. தேய்த்து, துடைத்து, அன்றே எபாக்ஸி. நாளை இன்னொன்று. தேய்த்த தகரத்தை வெறுங்கையால் தொடவும் கூடாது. நம் வியர்வையும் உப்புதான். தொட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதியும். கம்ப்ரசர் வைத்து அடிப்பவர்கள், டேங்கில் சேரும் தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, குழாயில் ஈரம் வடிகட்டும் ஃபில்டர் மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிரைமரோடு தண்ணீரையும் சேர்த்தே தெளிப்போம்.

கடைசியாக, உள்பக்கம். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கதவுக்குள், பெட்டிப் பகுதிக்குள் துரு உள்ளிருந்து வெளியே வரும். அந்தப் பொந்துகளுக்காகவே ‘கேவிட்டி வாக்ஸ்’ என்ற மெழுகு ஸ்ப்ரே, நீண்ட குழாயோடு கிடைக்கிறது. கலர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது. வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருவைச் சுரண்டாமல் அடிப்பக்கம் தார் பூச்சு அடிப்பது, புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டுவது போலத்தான்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

காரைவிட முக்கியமான விஷயம் இது. பழைய கார் பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டுமே. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. எனவே, பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தரையில் தார்ப்பாய் விரியுங்கள். பழைய பெயின்ட்டை மட்டும் ஈரமாகத் தேய்த்துத் தூசியை அடக்கிக்கொள்ளலாம். வெற்றுத் தகரம் தெரியத் தொடங்கியதும் துடைத்துக் காயவைத்துவிட வேண்டும். தூசியைக் கூட்டிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். மூக்கில் கட்டும் கர்ச்சீப் போதாது. தூசிக்கேற்ற ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும்.

இன்னொன்று. ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயின்ட்டிலும், டூ-கே சர்ஃபேசரிலும், கிளியர் கோட்டிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதன் புகைமூட்டம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு திணறும். ஆரப்பாளையம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் உங்கள் ஸ்ப்ரே, பக்கத்து வீட்டு அடுப்படிக்குத்தான் போகும். தின்னர் வாடைக்கு அருகே அடுப்பு எரிந்தால் தீ அபாயம் வேறு. ஆகவே கழற்றுவது, சுத்தம் செய்வது, துரு எடுப்பது, சின்ன இடங்களில் எபாக்ஸியைப் பிரஷ்ஷால் பூசுவது வரை வீட்டில்; ஸ்ப்ரே வேலை, பூத் வசதி உள்ள பட்டறையில். இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் வீட்டுக்கும் தெருவுக்கும் நல்லது. கூலியில் பெரும்பகுதி மிச்சமாவதும் முதல் பாதியில்தான், ஏனென்றால் நேரம் தின்னும் வேலை அதுவே.

பெயின்டரிடம் கேட்க வேண்டியவை

முழு வேலையையும் பட்டறையில் விடுபவர்கள், கலரையும் தொகையையும் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். ‘வெற்றுத் தகரத்துக்கு எந்த பிரைமர்? பட்டி எதன் மேல் வரும்? கதவின் உள்பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்? எபாக்ஸி அடித்து முடித்ததும், பட்டிக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அந்தக் கட்டத்தில் நான்கைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் பட்ஜெட்டை மீறினால், விலை கூடிய மெட்டாலிக் கலரைக் குறைத்து பிரைமரைக் காப்பாற்றுங்கள். கலரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கலாம். அரித்துப்போன தகரம் திரும்ப வளராது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் மறக்க வேண்டாம். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். 15 ஆண்டுகள் கடந்த சொந்தக் காருக்குத் தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 50 ஆண்டுகளைத் தாண்டிய கார் என்றால், 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ‘வின்டேஜ்’ பதிவு பெறலாம். அதற்கு சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும். அன்றாடம் ஓட்ட அனுமதி இருக்காது. எனவே, வெல்டிங்குக்கு முன்பே எந்தப் பதிவு வேண்டும் என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

இந்த வார இறுதியில் காரைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. கவரைக் கழற்றி ஒரு பகல் வெயில் காட்டுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடியிலுள்ள துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். பல ஆண்டுச் சேறும் தண்ணீரும் வடிவதைப் பார்க்கும்போதே தெரியும், எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று.